அறுபது ஆப்பமும் ஒரு நாற்காலியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜாஸ்மி ஆப்பக் கூடையைத் திறந்தாள். உடனே மூடினாள்.

மூடித் திறந்தால் ஒருவேளை சரியாகிவிடும் என்று நினைத்து மறுபடியும் திறந்தாள். சரியாகவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவளும் அப்பாவும் அறுபது ஆப்பம் சுட்டு, சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள். இப்போது கூடையில் இருந்தது ஒரே ஒரு ஆப்பம். அது ஒரு முழ உயரம் இருந்தது.

"அப்பா, ஆப்பம் எல்லாம் ஒட்டிப் போச்சு."

அப்பா ஷாஜன் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்தார். "ஒட்டல்ல மக்கா. செட்டாயிருக்கு," என்றார்.

ஜாஸ்மிக்கு உடம்பில் தெம்பே இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அவள் உரிக்கிறாள், நறுக்குகிறாள், துருவுகிறாள். விரலெல்லாம் எரிந்தது. கனவில்கூடச் சின்ன வெங்காயம்தான் வந்தது.

அன்று அம்மாவுக்கு நாற்பதாவது பிறந்தநாள். அம்மா சுஜி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ராத்திரி டூட்டிக்குப் போனவள் இன்னும் வரவில்லை. வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அம்மா இருக்கிற இடம் அடுக்களைதான். போன வருடம் ஜாஸ்மியின் பத்தாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது அம்மா கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, உடைந்துபோன கட்லட் ஒன்றைத் தின்றாள். அதை ஜாஸ்மி பார்த்துவிட்டாள்.

"இந்தத் தடவ அம்மா நாற்காலியில இருந்து திங்கணும் அப்பா," என்று சொன்னது அவள்தான்.

"அவ்வளவுதானே? எங்கிட்ட விடு," என்றார் அப்பா.

விட்டதுதான் தப்பு.

அப்பா மஸ்கட்டில் எட்டு வருடம் ஒரு சமையல் கம்பெனியில் இருந்தவர். "ஐந்நூறு பேருக்கு உள்ள கிச்சனாக்கும். எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு அடுக்கிருவோம்," என்பார். அங்கே அவருடைய வேலை ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருப்பது. அதை அவர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். தலைப்பு, 'மூன்று நாள் செயல்திட்டம்.' சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் கட்டங்கள். கட்டம் போடுவதிலேயே அப்பாவுக்கு முதல் நாள் போய்விட்டது.

"எல்லாத்தையும் முந்தின நாளே செஞ்சா கெட்டுப் போவாதா அப்பா?" என்று அன்றே கேட்டாள் ஜாஸ்மி.

"ஏட்டி, மீன்கறி என்னைக்கு ருசி? வச்ச அன்னைக்கா, மறுநாளா?"

"மறுநாள்."

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை மறுக்க ஆள் கிடையாது.

"அப்போ மத்ததுக்கு மட்டும் மறுநாள் ருசி வராதா?" என்று அப்பா சார்ட்டைத் தட்டினார். பேச்சு முடிந்தது.

இப்போது அந்த மறுநாள் வந்துவிட்டது.

அடுத்தது ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் ஸ்டூ. எட்டுத் தேங்காய் துருவிப் பால் பிழிந்து வைத்தது. பிரிட்ஜை மீன்கறிச் சட்டியும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களும் பிடித்துக்கொண்டதால், ஸ்டூ ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் கிடந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. மேலே நுரை.

"கொஞ்சம் சூடாக்கினா..."

"அப்பா!"

ஸ்டூ தென்னைமரத்தடிக்குப் போனது. தேங்காய், வந்த இடத்துக்கே திரும்பியது.

ஏத்த வாழைக்காய் சிப்ஸைச் சூட்டோடு டின்னில் அடைத்திருந்தார்கள். ஜாஸ்மி ஒன்றை எடுத்து வளைத்தாள். வளைந்தது. விட்டாள். நிமிர்ந்தது.

கடைசியில் மீன்கறி. மணம் அருமையாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினாள். கண் தானாக மூடிக்கொண்டது.

"எப்படி?" என்றார் அப்பா ஆசையாக.

"கடல்ல இருந்து மீன மட்டும் எடுக்கணும் அப்பா. நீங்க கடலையும் சேத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க."

இருவரும் சார்ட்டைப் பார்த்தார்கள். பச்சைக் கட்டத்தில் 'உப்பு: ஜாஸ்மி' என்று இருந்தது. நீலக் கட்டத்தில் 'உப்பு: ஷாஜன்' என்று இருந்தது. இரண்டு பேருமே கடமை தவறவில்லை.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருபது பேரு வருவாங்களே மக்கா. அம்மா வந்ததும் அவகிட்ட சொல்லி..."

"சொன்னா அம்மா டூட்டி முடிஞ்ச காலோட அடுப்புல போய் நிப்பா."

ஜாஸ்மியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது. புறவாசல் வழியாகப் பார்த்தாள். மழையில் நனைந்த மரச்சீனிச் செடிகள் வரிசையாக நின்றன. மரவள்ளிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

மீன்கறிச் சட்டியைப் பார்த்தாள். மறுபடியும் செடிகளைப் பார்த்தாள்.

"அப்பா, உப்பு கூடின கறிக்கு, உப்பே போடாத கிழங்கு சரியாவும்லா?"

"மரச்சீனியா? பார்ட்டிக்கா?" அப்பா எழுந்தே விட்டார். "ஆன்ட்ரூஸ் மாமா என்ன சொல்லுவாரு?"

ஆன்ட்ரூஸ் மாமா அம்மாவின் அண்ணன். சபையில் கமிட்டி மெம்பர். எந்த விசேஷத்திலும் எழுந்து நின்று 'ரெண்டு வார்த்தை' பேசுவார். அந்த ரெண்டு வார்த்தை முடிவதற்குள் பிரியாணி ஆறி, கூல்டிரிங்க்ஸ் சூடாகிவிடும்.

"மாமா வீட்டுல காலையில என்ன திம்பாரு?"

அப்பா யோசித்தார். "மரச்சீனிதான்."

"பின்ன?"

அப்பா புறவாசலில் இறங்கி ஒரு செடியைப் பிடித்து, ஐந்நூறு பேர் பலத்தோடு இழுத்தார். கிழங்கு வந்தது. அப்பாவும் கூடவே வந்தார். சேற்றில் உட்கார்ந்தபடியே, "இப்படித்தான் பிடுங்கணும்," என்றார்.

ஒன்பது மணிக்கு அம்மா வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்னவோ புளிச்ச மணம் வருதே?"

பையைப் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்கு நடந்தாள். ஜாஸ்மி இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்து நின்றாள்.

"உள்ள வரப்பிடாது."

"ஏட்டி, அப்பா என்னத்தச் செஞ்சு வச்சிருக்காரு? ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். சாயங்காலம் வரைக்கும் போவும். போய் உறங்கு அம்மா. நான் எழுப்புகேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். மூக்கில் சேறு, தலையில் தேங்காய்ப்பூ. எதையோ கேட்க வாயைத் திறந்தாள்; கொட்டாவிதான் வந்தது. போய்ப் படுத்தாள்.

பதினொன்றரைக்கு ஆராதனை முடிந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கிழங்கு பாதிகூடத் தோல் உரித்து முடியவில்லை. அப்பா ஒரு போர்வையோடு ஓடிவந்தார்.

"குவியல மூடிருவோம் மக்கா. நாலு பேரு பாத்தா மானம் போவும்."

"மூடி வச்சா வேகாது அப்பா."

ஜாஸ்மி ஒரு கத்தியையும் ஒரு கிழங்கையும் எடுத்துக்கொண்டு நேராக ஆன்ட்ரூஸ் மாமாவிடம் போனாள். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். தாள் விரிந்துகொண்டே போனது.

"மாமா, நாலு கிழங்கு தொலிச்சுத் தருவியளா? அம்மா நைட் டூட்டி முடிஞ்சு உறங்குதா. எழுப்பக் கூடாது."

மாமா தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கிழங்கைப் பார்த்தார். வீடே அவரைப் பார்த்தது.

"கொண்டா பிள்ளே," என்று வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். "நான் சின்னதுல ஒத்தைக்கு ஒரு சாக்கு தொலிச்சவனாக்கும்."

அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பட்டுச்சேலை முந்தானைகள் இடுப்பில் ஏறின. ஒருவர் நறுக்கினார், ஒருவர் கழுவினார், ஒருவர் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். "சத்தம் போடாதீங்க, சுஜி உறங்குதா," என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். மாமாவின் தாள் கிழங்குத் தொலிக்கு அடியில் போனது.

ஒரு மணிக்குக் கிழங்கு பஞ்சு மாதிரி வெந்தது. ஜாஸ்மி அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து கூடத்தின் நடுவில், இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள். மற்றவர்கள் பாயில் இருந்தார்கள்.

மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு வார்த்தை..."

"மாமா, கிழங்கு ஆறினா கல்லாயிரும்," என்றாள் ஜாஸ்மி.

மாமா ஆவி பறக்கும் கிழங்கைப் பார்த்தார். "ஆண்டவரே, ஸ்தோத்திரம்," என்று உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையிலேயே சரியாக இரண்டு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

அம்மா கிழங்கை மசித்து, மீன்கறியில் தோய்த்து வாயில் வைத்தாள். அப்பா தன் தட்டை மறந்து அவளையே பார்த்தார்.

"கொள்ளாமே! நல்ல ருசி! உப்பு எவ்வளவு கணக்கா இருக்கு! யாரு போட்டது?"

"நாங்க ரெண்டு பேருந்தான்," என்றாள் ஜாஸ்மி. அப்பா சார்ட்டைச் சுவரிலிருந்து மெல்ல உரித்துச் சுருட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டா மக்கா," என்று அம்மா தட்டை நீட்டினாள்.

ஜாஸ்மி தட்டை நிறைத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா நாற்காலியிலேயே உறங்கிவிட்டாள். விரலில் கறி இன்னும் காயவில்லை.

ஜாஸ்மி எழுப்பவில்லை. கொண்டுவந்த தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, நாற்காலிக் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் பங்கு மீன்கறி சட்டியில் பத்திரமாக இருந்தது. அது எங்கே போய்விடப் போகிறது? நாளைக்கு இன்னும் ருசியாக இருக்கும்.