சேறு விட்ட கால்கள்

நீர்க்காகங்கள் ஒன்றுகூடச் சிறகை விரிக்கவில்லை. ஓடத்தைக் கோலால் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்த ஹாஷிமுக்கு அது என்னவோ செய்தது. முங்கி எழும் நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறிவிடும். சிறகை விரித்துக் காயவைத்தால்தான் நன்றாகப் பறக்க முடியும். இவை சொட்டச் சொட்ட ஒரே கட்டையில் நெருக்கியடித்து, நாணற்புதரையே பார்த்துக்கொண்டிருந்தன.

வத்தேகமவுக்குக் கீழே மகாவலியோரத்து அந்தச் சதுப்பில் வேட்டைக்குத் தடை வந்து ஏழு வருடம். அதன் பிறகு பறவை பார்க்க வரும் துரைமாரை ஹாஷிமும் தம்பி பாயிஸும்தான் ஓடத்தில் சுற்றிக் காட்டுவார்கள். அன்று பகல் ஒரு துரையின் தொப்பியைக் காற்று அடித்துப் போனது. அவரைக் கரையில் விட்டுவிட்டு அதைத் தேடி வந்திருந்தார்கள்.

"என்ன நானா, முதல கிதல வந்துட்டா?" பாயிஸ் சிரித்தான்.

"கீழ அவ்வளவு பெரிய அருவி இருக்கு, முதல எப்படி ஏறி வரும்? வாயாடாம தொப்பியப் பாரு."

"அந்தா கிடக்கு. தொரட மண்டையவிட தொப்பிதான் பெருசு!"

சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீர். இரண்டு எட்டு வைத்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

ஏதோ அவனைக் கீழே இழுத்தது. மேலே வந்தான்; மூக்கு உடைந்து முகமெல்லாம் இரத்தம். மறுபடி இழுத்தது. நாணல்கள் படபடவென முறிந்தன. பழுப்புத் தண்ணீர் சிவந்து நுரைத்து ஓடத்தில் மோதியது. பிறகு எல்லாம் அடங்கியது.

பாயிஸ் நெஞ்சளவில் நின்றான். "நானா, சேத்துல மாட்டிட்டன். இழுங்க."

சேறு ஆளை விழுங்காது, பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளங்காலுக்கடியில் காற்றோ தண்ணீரோ புகாதவரை விடாது. காலை மெதுவாக ஆட்டினால் ஓரமாகத் தண்ணீர் இறங்கும். அப்போது பிடி தளரும். அப்படியும் ஒருவனை வெளியே எடுக்க மூன்று பேராவது வேண்டும். ஹாஷிம் ஓடத்திலிருந்த பலகையைச் சேற்றின்மேல் போட்டுக் குப்புறப் படுத்து, தம்பியின் இரு மணிக்கட்டுகளையும் பிடித்தான். தம்பி இல்லாமல் உம்மாவின் முகத்தில் விழிக்க அவனால் முடியாது.

"காலை ஆட்டுடா தம்பி."

"ஆட்டுறன் நானா."

அவனைச் சுற்றியிருந்த தண்ணீர் அசையவில்லை.

"நல்லா ஆட்டு!"

"ஆட்டுறன்தானே."

இழுத்தான்.

ஒரே இழுப்பு. வந்துவிட்டான். அத்தனை லேசாக. சேறு சத்தம்கூடப் போடவில்லை. பலகைமேல் சூடாக ஏதோ பரவி ஹாஷிமின் முழங்கையை நனைத்தது. விலா எலும்புக்குக் கீழே பாயிஸ் இல்லை.

கண்கள் திறந்திருந்தன. உதடு அசைந்தது.

"இன்னும் ஆட்டுறன் நானா."

அவன் நின்றிருந்த சேறு கலங்கியது. இடம். வலம். இடம். பிடி தளர்ந்தது. நாணல்களை விலக்கிக்கொண்டு, அந்தக் கலங்கல் ஒவ்வோர் எட்டாகப் பலகையை நோக்கி வந்தது.