விதிப்படி மூன்று மீட்டர்

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் ஏழாம் இலகுதொழில் வளாகத்தில் எல்லோரும் கைக் கிரைண்டரோடு வெளியே வந்து சுவரைச் சீவத் தொடங்கிவிடுவார்கள். இரவுக்குள் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கும். ஒரு மாதம் விட்டால் சாலை காணாமல் போய்விடும்.

ஆற்று மணல் அடியோடு தீர்ந்த பிறகு வந்தது உயிர்க்காரை. காற்றிலுள்ள ஈரத்தையும் தூசியையும் தின்று நுண்ணுயிர்கள் தாமே சுவர் எழுப்பும். விரிசல் விட்டால் தாமே அடைக்கும். வளர்ச்சியை நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் சுவர் செத்து உதிரும். இன்னொரு சுவரில் முட்டினால் மட்டும் தானாக நின்றுவிடும்.

அந்தக் கடைசிக் குணம் வளாகத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. இலகுதொழில் வட்டாரத்தில் ஒவ்வொரு கட்டடமும் பக்கவாட்டில் மூன்று மீட்டர் செட்பேக், அதாவது காலியிடம், விட வேண்டும் என்பது விதி. நாற்பத்து நான்கு பட்டறைகளில் நாற்பத்து மூன்று பக்கச்சுவரைச் சீவவே இல்லை. சுவர்கள் முட்டிக்கொண்டன, நின்றன. சாலைப் பக்கத்தை மட்டும் சீவினார்கள். லாரி வர வேண்டுமே.

பக்கச்சுவரையும் சீவியவர் மூலைப் பட்டறை ரங்கநாயகி ஒருவர்தான். எந்திர மனிதர்களின் முழங்காலுக்கு வளையம் கடைகிற பட்டறை அது. பதினோரு வருடத்துக்கு முன் வேறொரு வளாகத்தில் அவருடைய தம்பி தீயில் மாட்டிக்கொண்டபோது, தீயணைப்பு வண்டி உள்ளே போக இடமில்லாமல் சாலையிலேயே நின்றது. ரங்கநாயகி அதைப் பற்றிப் பேசமாட்டார். தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சீவுவார்.

உரிமம் புதுப்பிக்கக் காலியிடத்தின் படம் வேண்டும். அதனால் வளாகமே அவருடைய சந்துக்கு வரும்.

"ஒரு போட்டோதானுங்க்கா, ரெண்டு நிமிசம்" என்பார் அடுத்த பட்டறை கிட்டுசாமி. சந்தின் மறுபக்கம் எல்லையிலேயே நின்றது அவருடைய பழைய செங்கல் சுவர், அது வளராது. ரங்கநாயகி கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார். மறுத்துச் சண்டை போடத் தெம்பில்லை. நாற்பத்து மூன்று கோப்புகளிலும் அந்தச் சந்து ஏறியது. ரங்கநாயகியின் கோப்பில் மட்டும் படம் இல்லை. வந்த பொறியாளர், 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

பிறகு மாநகராட்சி பொறியாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எந்திர அளவர்களை இறக்கியது. இடுப்பு உயரம், மூன்று கால், லேசர் கண். லஞ்சம் வாங்காது. முத்திரை குத்திய ஆவணத்தை மட்டும் நம்பும்.

அளவர் சந்தை அளந்தது. கோப்புகளைப் படித்தது. ரங்கநாயகியிடம் வந்தது.

"இந்த மூன்று மீட்டர் நாற்பத்து மூன்று கட்டடங்களின் பொதுக் காலியிடம். உங்கள் கட்டடத்துக்குக் காலியிடம் இல்லை. அறுபது நாளில் உங்கள் சுவரை மூன்று மீட்டர் பின்னுக்கு எடுக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் துண்டிக்கப்படும்."

"சந்து என்ரதுங்க. நான்தான் தெனமும் சீவறேன்."

"சீவியதற்கு ஆவணம் உண்டா?"

"என்ர கையைப் பாருங்க."

அளவர் கையைப் பார்த்தது. கையில் முத்திரை இல்லை.

பட்டறையின் அகலமே எட்டு மீட்டர். லேத் வரிசைக்கு ஆறு வேண்டும். மூன்றை வெட்டினால் பட்டறையை மூட வேண்டியதுதான். ரங்கநாயகி கிட்டுசாமியிடம் போனார்.

"அந்தப் போட்டோ என்ர சந்துன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

கிட்டுசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார்.

"சொல்லலாமுங்க்கா. சொன்னா எங்க நாப்பத்தி மூணு பேருக்கும் கரண்டு போயிரும். நீங்க ஒருத்தருங்க. ரோசனை பண்ணிப் பாருங்க."

"விதிப்படி விட்டவ நானு."

"அதுதானுங்க்கா வெனை. ஆரு விடச் சொன்னா?"

டீ வந்தது. ரங்கநாயகி குடிக்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் சங்கு ஊதியபோது அவர் சாலைப் பக்கத்தைச் சீவினார். சந்துப் பக்கம் வந்தார். கிரைண்டரை இயக்கவில்லை. திட்டம் எதுவும் இல்லை, அலுத்துவிட்டது. வெட்டச் சொன்ன சுவரைத் தினமும் எதற்குச் சீவ வேண்டும்? தம்பியின் நினைப்பு வந்தது. உள்ளே போய் லேத்தை ஓட்டினார். வாங்கியிருந்த வேலைகளை அறுபது நாளுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு மூடலாம் என்று இருந்தார்.

நாற்பதாம் நாள் சுவர் கிட்டுசாமியின் சுவரில் முட்டி நின்றது. கிட்டுசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க்கா, எல்லார் வவுத்துலயும் அடிச்சுட்டீங்களே!" என்று சாலையில் நின்று கத்தினார். நாற்பத்து மூன்று பேரின் காலியிடமும் போயிருந்தது. ரங்கநாயகி வெளியே வரவில்லை.

அறுபதாம் நாள் அளவர் வந்தது. நாற்பத்து நான்கு பேரும் சாலையில் நின்றார்கள். அது வளாகத்தை இரண்டு முறை சுற்றியது. லேசரை எங்கே நுழைத்தாலும் சுவரில் பட்டுத் திரும்பியது.

"நாற்பத்து நான்கு கட்டடங்கள் இங்கே இல்லை" என்றது கடைசியில். "இடைவெளியின்றி ஒட்டியிருப்பதால் இது ஒரே கட்டடம். நான்கு பக்கமும் மூன்று மீட்டருக்கு மேல் திறந்த வெளி உள்ளது."

"அது ரோடுங்க" என்றார் ரங்கநாயகி.

"திறந்த வெளி" என்றது அளவர். "இந்த வட்டாரத்தில் நான் கண்ட, பிழையே இல்லாத முதல் கட்டடம் இதுதான். அனைவருக்கும் உரிமம் புதுப்பிக்கப்படுகிறது."

கைதட்டினார்கள். யாரோ லட்டு வாங்க ஓடினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரங்கநாயகி அளவரின் முன்னால் போய் நின்றார்.

"நடுப் பட்டறையில தீப்பிடிச்சா வண்டி எப்படிங்க உள்ள போகும்?"

"ஒரே கட்டடத்துக்குள் தீ பரவுவது உரிமையாளர்களின் உள்விவகாரம். நான் கட்டடங்களுக்கு இடையே உள்ள வெளியை மட்டும் அளப்பேன்."

அது முத்திரை பதித்த தாளைத் துப்பிவிட்டு அடுத்த வளாகத்துக்கு நடந்தது. ரங்கநாயகி நகராமல் நின்றார். கிட்டுசாமி லட்டுத் தட்டோடு வந்தார். கண் கலங்கியிருந்தது, உண்மையான சந்தோஷம்.

"பேப்பர்ல எல்லாஞ் செரியாப் போச்சில்லீங்க்கா, இன்னும் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு? எடுத்துக்கங்க."