பச்சை விளக்கு எட்டும் தொலைவு

அந்த விருந்தாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சிஹோ கையடக்கக் கருவியின் திரையை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். விளக்கூர் விளையாட்டில் விருந்தாளிகள் அப்படி நிற்பதில்லை. ஊரெல்லையில் வந்து இறங்குவார்கள், இந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்குவார்கள், கையிலுள்ள விளக்கை ஒருமுறை உயர்த்திக் காட்டிவிட்டுத் தாங்கள் கொண்டுவந்த ஒற்றை வரி வாழ்த்தைச் சொல்வார்கள். பள்ளிக்கூட நாளில் அவள் சலிக்கச் சலிக்கப் பார்த்த காட்சி அது. இவன் வணங்கவில்லை. இவன் கையில் விளக்கும் இல்லை. தலைக்கு மேலே பெயர் மட்டும் மிதந்தது: இத்சுகி. வாழ்த்து இருக்கவேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

ஆயினும் அவள் சிரித்தாள். கண் கலங்கச் சிரித்தாள். எட்டு ஆண்டுகளாக மாடியறைக் கதவைத் திறக்காத தம்பி, எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவளைத் தேடி வந்திருக்கிறான்.

இடுப்பு வலியால் கூரைப் பனியைத் தள்ள முடியவில்லை என்று அம்மா ஃபுமியே தொலைபேசியில் சொன்னதால், சிஹோ ஒசாகாவில் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த அகிதா மலைப்புறத்து ஊருக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் அலமாரியைக் குடைந்தபோது பழைய கருவி அகப்பட்டது. அவளுக்கொன்றும் தம்பிக்கொன்றுமாக அப்பா ஒரே நாளில் வாங்கித்தந்த இரட்டையில் அவளுடையது இது. சார்ஜரில் செருகியதும் உயிர் வந்தது. மலையடிவாரத்து ஊரில் இருட்டுமுன் எல்லா விளக்குகளையும் ஏற்றவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அன்று அவளை அழவைத்த காடு இன்று நாலு விரற்கடைப் பச்சைக் கட்டங்களாகச் சுருங்கிப்போயிருந்தது. அன்று கடலென விரிந்த குளம் ஒரு தட்டளவே இருந்தது. ஆனால் கிணற்றடியை நெருங்கும்போது இசை நின்று தண்ணீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்குமே, அது மட்டும் சுருங்கவில்லை. அந்த இடத்தில் இன்றும் அவள் கட்டைவிரல் தயங்கியது.

மூடிவைத்தாலும் அந்தக் கருவி முழுதாக உறங்காது. பத்துப் பன்னிரண்டு அடி தொலைவில் இன்னொரு கருவி விழித்திருந்தால் இரண்டும் தமக்குள் பேசிக்கொள்ளும். ஓரத்தில் பச்சை விளக்கு மின்னும். அந்தக் கருவிக்குரியவன் இந்த ஊருக்கு விருந்தாளியாக வருவான். ஒரு காலத்தில் பிள்ளைகளெல்லாம் அதைப் பையில் போட்டுக்கொண்டே ரயிலேறினார்கள். இப்போது இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது? மாடியில், அவள் படுக்கைக்கு நேர் மேலே, ஒருவனிடம்.

அவள் தன் வாழ்த்து வரியை மாற்றி எழுதினாள். "அக்கா வந்திருக்கேன்டா."

மறுநாள் பச்சை விளக்கு மின்னியது. விருந்தாளி ஊரெல்லையில் இல்லை; கிணற்றடியில் நின்றான். முதுகு இந்தப் பக்கம். கட்டத்தில் ஒரே சொல்.

"குளிருது."

"அம்மா, அவன் ரூம்ல அடுப்பு இருக்கா?" என்று கேட்டாள் சிஹோ.

அம்மா அடுப்படியில் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "அவனுக்குச் சூடு ஆகாது."

"வெளியில எலும்பு உறையுது. மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல வைக்கட்டுமா?"

"வைக்காத. அவனுக்குப் பிடிக்காது. மாடிக்கே போகாத நீ. தட்டு வைக்கிறது, எடுக்கிறது எல்லாம் நான் பார்த்துக்கிறேன்." கத்தி மறுபடி இறங்கியது. வீடெங்கும் ஊதுபத்தி மணத்தது. இறந்துபோன அப்பாவின் வழிபாட்டு மாடத்துக்கு ஏற்றியது என்று அம்மா சொன்னாள். ஆனால் அந்த மணம் மாடத்திலிருந்து வரவில்லை. படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தது.

பகலில் கூரை ஏறியபோதும் அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "கிழக்கு மூலையை விட்டுடு. அந்தப் பக்கம் பனி இருந்தா இருக்கட்டும்." கிழக்கு மூலைக்குக் கீழேதான் தம்பியின் அறை. ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவன் சன்னல் ஒரு சாண் அளவு திறந்திருப்பதும் பனி அதன் வழியாக உள்ளே வழிந்திருப்பதும் தெரிந்தன.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கோமாட்சு அம்மாள் பனிவாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "என்னம்மா சிஹோ, ஒசாகாவுல பனி வாரக்கூட ஆள் வைப்பீங்களாமே, இங்க வந்து இப்படி மூச்சு வாங்குற?"

"அங்க பனியே இல்ல பெரியம்மா. அதான் கை மறந்துபோச்சு."

"உன் தம்பியாவது வந்து தள்ளக்கூடாதா? டோக்கியோவுல பெரிய கம்பெனின்னா அம்மாவை மறந்துடணுமா? புது வருஷத்துக்கும் வரலியே."

"லீவு கெடைக்கலையாம்," என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல். "மேனேஜர் ஆக்கப்போறாங்களாம்."

கோமாட்சு அம்மாள் சிஹோவைப் பார்த்தாள். சிஹோ தலையாட்டினாள். அந்தத் தலையாட்டு நாக்கடியில் கசந்தது. உண்மையில் அவன் எட்டு ஆண்டுக்கு முன் ஆலையில் ஆறு மாதம் அடியும் ஏச்சும் பட்டு ஓடிவந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. தோற்றவன் என்று சொல்ல வாய் வரவில்லை, நோயுற்றவன் என்று சொல்லவும் வரவில்லை. வென்றவன் என்று சொல்லிவைத்தார்கள். கதவை மூடியது அவன் கை. தாழிட்டதோ ஊரின் நாக்கு. டோக்கியோவில் வாழ்பவனாக அவனை ஊரே மெச்சியது. மாடியில் மூச்சுவிடுபவனை ஒருவரும் கேட்கவில்லை. மானம் என்ற ஒன்றை வளர்க்க ஒரு பிள்ளையைத் தீனியாகப் போடும் வீடுகள் இந்தத் தெருவில் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்று எண்ணியபோது, பனி மூடிய கூரைகள் எல்லாம் உதடு இறுக்கிய முகங்களாக அவளுக்குத் தோன்றின.

போதும் இந்தப் பொய், என்று அவள் முடிவு கட்டினாள். போகும்போது அவனையும் அழைத்துக்கொண்டுதான் போவேன்.

அன்று மாலை எழுதினாள். "கதவைத் திறடா. பேசுவோம்."

பதில் வந்தது. விருந்தாளி இப்போது அவளுடைய விளையாட்டு வீட்டின் வேலியோரம் நின்றான். அவன் கடந்துவந்த வழியில் அவள் ஏற்றிவைத்திருந்த விளக்குகள் அணைந்திருந்தன.

"என்னால முடியல. நீ திற."

அவள் நிமிர்ந்து மேற்கூரைப் பலகைகளைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து மேலே ஒரு காலடி கேட்கவில்லை. ஓர் இருமல் இல்லை. தண்ணீர்க் குழாய் ஓடவில்லை. மரவீடு குளிரில் முறுகும் ஒலி உண்டு, கூரைப்பனி சறுக்கி விழும் ஒலி உண்டு. மனிதன் இருக்கும் ஒலி மட்டும் இல்லை. ஆனால் தட்டு நாள்தோறும் நிறைந்து போயிற்று, வெறுமையாய்த் திரும்பிற்று.

காலையில் அம்மா தட்டேந்திப் படியேறுவதை அவள் கொதாட்சு மேசையின் கனத்த போர்வைக்குள் கால் நீட்டியபடி பார்த்தாள். மிசோ சூப், மீன், சோறு. சோற்றுக் கிண்ணத்தின் நடுவே உண்ணும் குச்சிகள் இரண்டும் செங்குத்தாக நின்றன.

அப்படிக் குச்சியை நட்டுச் சோறு வைப்பது பிணத்தின் தலைமாட்டில் மட்டுந்தான். சிறுபிள்ளை விளையாட்டாகச் செய்தாலும் கையில் அடிவிழும்.

"அம்மா. குச்சி."

அம்மா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குச்சிகளை உருவிப் பக்கத்தில் படுக்கவைத்தாள். "கை தவறிடுச்சு."

அன்று பிற்பகல் மருத்துவமனை வண்டி வந்து அம்மாவை இடுப்பு வைத்தியத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. சிஹோ கடைசியாக ஒரு வரி எழுதினாள். "வெளிய வாடா. நான் கூட்டிட்டுப் போறேன், ஒசாகாவுக்கு." கருவியை மூடிக் கோட்டுப் பையில் போட்டாள். படியேறினாள்.

ஊதுபத்திப் புகை படிக்குப் படி தடித்தது. மேல் நடையில் அவளது மூச்சு வெண்மையாக நின்றது. கதவின் விளிம்பு நெடுக, மேலிருந்து கீழ்வரை, பெட்டி ஒட்டும் பழுப்பு நாடா போட்டிருந்தது.

வெளிப்பக்கமாக.

"இத்சுகி," என்றாள். "அக்காடா."

பையில் கருவி மெல்ல அதிர்ந்தது. பச்சை ஒளி துணியூடாகக் கசிந்தது. கதவுக்கு அப்பால் ஏதோ விழித்திருக்கிறது. அவள் நாடாவை உரித்தாள். அது நீளமாகக் கிழிந்தது. கதவை நகர்த்தினாள்.

பனி.

தரைப்பாய் முழுதும் பனி. திறந்த சன்னலிலிருந்து மேடாக இறங்கி, மெத்தைமேல் ஆளளவு நீளத்தில் குவிந்திருந்தது. குவியலின் நடுவே ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. நீலம் பாரித்த விரல்கள். அந்த விரல்களுக்குள் இரட்டையின் மற்றொன்று. திரை இருண்டிருந்தது. பின்பக்க மூடி கழன்றிருந்தது. பேட்டரி இருக்கவேண்டிய குழியில் பனி நிறைந்திருந்தது.

அவளது பையில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"நான்தான் கழட்டினேன்." பின்னால் அம்மா. காலணிகூடக் கழற்றாமல், மருந்துப் பையோடு. "அவன் போன பிறகும் அந்தப் பச்சை லைட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சு. பார்க்க முடியல. கழட்டி ஆத்துல போட்டேன். முதல் பனி விழுந்த அன்னைக்கு."

"அம்மா..."

"இருமிக்கிட்டே இருந்தான். நெருப்பாக் கொதிச்சுது உடம்பு. டோக்கியோவுல இருக்கிறவனுக்கு இங்க எப்படிடி வைத்தியம் பார்க்கிறது?" அம்மாவின் குரல் உயரவேயில்லை. "அப்புறம் டோக்கியோவுல இருக்கிறவனை இங்க எப்படிடி எரிக்கிறது? நீயே சொல்லு. நீயும்தானே தலையாட்டின."

சிஹோ கீழே இறங்கிக் காவல் நிலையத்தை அழைத்தாள். பனியூடே வண்டிகள் வந்தன. இத்சுகியை வெண்துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்தபோது, வேலிக்கு அப்பால் கோமாட்சு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எட்டு ஆண்டுக்குப் பிறகு ஊர் அவனைப் பார்த்தது. அம்மாவை ஒரு பெண் காவலர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். நகரத்து மருத்துவமனையில் அடையாளம் சொல்ல நீங்களும் வரவேண்டும் என்றார்கள். வண்டியில் இடமில்லை. ரயில் இருக்கிறது என்றாள் சிஹோ. அந்த வீட்டில் இன்னொரு கணம் இருக்க அவளால் முடியவில்லை.

ஒற்றைப் பெட்டி ரயில். முன்னால் ஓட்டுநர், நடுவில் அவள், வேறொருவரும் இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து சூட்டுக்காற்று கணுக்காலில் அடித்தது. ஈரக் கம்பளியும் இரும்பும் கலந்த மணம். சன்னலில் அவளது முகம், அதற்கப்பால் கறுப்பு, கறுப்புக்குள் ஓயாமல் சாயும் வெள்ளை. சிறுவயதில் இதே தடத்தில் இதே இருக்கையில் தம்பி காலாட்டிக்கொண்டு கேட்பான், இன்னும் எவ்வளவு தூரம்க்கா, இன்னும் எவ்வளவு தூரம்க்கா என்று. கோட்டுப் பையில் கருவி கனத்தது. அதை எடுத்துவைக்க மறந்திருந்தாள்.

ஆளில்லாத ஒரு நிலையத்தில் ரயில் நின்றது.

இந்தக் குளிர்நாட்டு ரயில்களில் கதவு தானாகத் திறப்பதில்லை. ஏற வருபவன் வெளியே பொத்தானை அமுக்கவேண்டும். ஏறியபின் சூடு போகாதபடி உள்ளே மூடும் பொத்தானையும் அவனே அமுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தரும் நாகரிகம் அதுதான். இத்சுகி ஒருநாளும் மறந்ததில்லை.

நடைமேடை வெறிச்சோடியிருந்தது. பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை.

கதவு திறந்தது.

குளிர் உள்ளே வந்தது. பெட்டியின் நடுப்பகுதிவரை வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

உட்புறம், மூடும் பொத்தான் மெல்ல உள்ளே அமுங்கியது.

கதவு மூடியது.

ரயில் நகர்ந்தது. அவள் அசையவில்லை. காலடியில் சூட்டுக்காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, கணுக்கால் உறைந்தது. பையில் கருவி அதிர்ந்தது. பச்சை. இருட்டு. பச்சை.

திறக்கக்கூடாது என்று நினைத்தாள். கை திறந்தது.

விளக்கூரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அவள் வீட்டுக்குள் மட்டும் மங்கிய வெளிச்சம். விருந்தாளி வீட்டுக்குள் நின்றான். இந்தமுறை இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். மெல்லக் குனிந்து வணங்கினான்.

"வெளிய வந்துட்டேன்க்கா. இன்னும் எவ்வளவு தூரம்?"

ரயில் குகைப்பாதைக்குள் நுழைந்தது. சன்னல் கண்ணாடி கறுத்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில், நீலத் துணி உறையின்மேல், ஒரு பிடி பனி கிடந்தது. உருகவில்லை. அதற்குக் கீழே இருக்கை மெத்தை, யாரோ மிகவும் களைத்துப்போய் உட்காருவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தத் தொடங்கியது.