மணிக்காக ஊற்றிய பொய்

புது மணியைக் கோயில் கோபுரத்தில் ஏற்றி, அடித்து நிறுத்தி ஒரு நாழிகை ஆகியும், அதை வார்த்த நிக்கனோரின் வீட்டில், அவன் தேநீர்க் கோப்பைக்குள் மட்டும் வட்டம் வட்டமாக அலை எழும்பிக்கொண்டே இருந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. கோப்பையைத் தொட்டால் உள்ளங்கை வழியாக முழங்கை வரை ரீங்காரம் ஏறியது. அடுப்புப் புகைக்கு நடுவே வெண்கலமும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஒட்டியது. மகள் பலகேயா எதையும் கவனித்த மாதிரி இல்லை. ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

வோல்கா ஆற்றங்கரையில் மணி வார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம். உலோகம் ஊற்றும் நாளில் ஊருக்குள் ஒரு பொய்யை அவிழ்த்துவிட வேண்டும். பொய் எவ்வளவு தூரம் போகிறதோ, ஓசையும் அவ்வளவு தூரம் போகும். மணி ஏறியதும் உண்மையைச் சொல்லிச் சிரித்துவிடுவார்கள். அதற்கு முன் சொன்னால் மணி ஊமையாகிவிடும். பாதிரியார் வீட்டுக் கன்று பேசியது என்கிற மாதிரி, யாருக்கும் நோகாத பொய்யாகத்தான் மற்றவர்கள் சொல்வார்கள்.

நிக்கனோருக்கு அது போதவில்லை. கல்யாணத் தரகு பார்க்கும் உஸ்தின்யா மேல் அவனுக்கு வயிற்றெரிச்சல். பலகேயாவைக் கேட்டு வந்த மாவு மில் வீட்டாரிடம், அப்பன் குடிகாரன் என்று இருந்ததை இருந்தபடி சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்தவள் அவள். ஆகவே, ஆற்றில் மூழ்கிச் செத்தவர்களுக்கு உஸ்தின்யாதான் ஊர்ப் பெண்களைப் பேசி முடிக்கிறாள் என்று கிளப்பிவிட்டான். போன கோடையில் கயிற்றாலைப் பெண்கள் இரண்டு பேர் ஆற்றோடு போயிருந்தார்கள். ஊர் நம்பிவிட்டது. பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் அவளை இழுத்துப்போய், உறைந்த ஆற்றில் வெட்டிய குழிக்குள் தள்ளினார்கள். நிக்கனோர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அச்சுக்குள் உலோகம் இன்னும் ஆறவில்லை. பாவி, மணியைத்தான் நினைத்தான்.

இப்போது ரீங்காரம் கோப்பையிலிருந்து மேசைக்கு வந்தது. மேசையிலிருந்து தரைப்பலகைக்கு. ஈரத் துணியை இழுத்துக்கொண்டு யாரோ வாசல் படியேறும் சத்தம் கேட்டு, நின்றது. கதவைத் திறந்தான். யாருமில்லை. படியில் தண்ணீர். அந்தக் குளிரிலும் உறையாத தண்ணீர்.

வந்தது உஸ்தின்யாதான், உண்மையைச் சொல்லிவிட்டால் மகளை விட்டுவிடுவாள் என்று பட்டது. பலகேயாவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேலங்கிகூட மாட்டாமல் கோயில் வாசலுக்கு ஓடினான். புது மணிக்காகக் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே மண்டியிட்டு, உஸ்தின்யா ஒரு பாவமும் அறியாதவள், எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அவனிடமே அச்சு வேலை பார்க்கும் எரமேய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன் மொதலாளி, அதுக்குள்ள அடுத்த மணிக்கு உலை மூட்டிட்டீங்களா? இந்தப் பொய் ரொம்ப தூரம் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணைப் பறிகொடுத்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அது பொய்யின்னா அப்ப நாங்க யாரு மொதலாளி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிக்கனோர் திரும்பி ஓடினான். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு. சேற்று வாடை.

பலகேயா பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒற்றைச் சடை அவிழ்ந்து கிடந்தது. கன்னிக்கு ஒரு சடை, மணமகளுக்கு இரண்டு. தலையை வகிர்ந்து இரண்டாகப் பின்னிவிட்டால் அவள் வேறு வீட்டுக்காரி. பின்னால் நின்றவளின் சால்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வீங்கி வெளுத்த விரல்கள். அவசரப்படாத விரல்கள். ஒரு சடை முடிந்திருந்தது.

"வந்துட்டீங்களாப்பா?" என்றாள் பலகேயா, வெட்கத்தோடு. "நல்ல இடம் கொண்டு வந்திருக்காங்க. நீங்க குடிக்கிறத அவங்க வீட்டுல ஒரு கொறையா நெனைக்க மாட்டாங்களாம்."

அவனுக்குப் பின்னால், படியில், ஈரக் கால்கள். ஒருவர் அல்ல. நிறையப் பேர்.

உஸ்தின்யா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இரண்டாவது சடையைப் பின்னத் தொடங்கினாள்.