வெளுத்த நாக்கு

காலை ஏழு மணி. கிணற்றடியில் மேலும் மூன்று ஆட்டுக்குட்டிகள் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. மூன்றும் சாம்பல் நிறம்.

பண்ணை முதலாளி ஷோதியோர், நூரோத்தா நகரிலிருந்து விசாரணை அதிகாரி மவ்லுதாவை அழைத்து வந்திருந்தார். மேய்ப்பர் ஹம்ரோ தன் கம்பளிக் கூடாரத்தின் வாசலில் நின்றார். கிஸில்கும் பாலைவனத்தின் இந்தக் கிணற்றடியில் பல வருடங்களாக அவர் தனியாகத்தான் இருந்தார்.

"இவன்தான் விஷம் வெச்சிருக்கான்," என்றார் ஷோதியோர். "பால் குடிச்ச வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க. புல்லுல வாய் வெச்சதும் சாவுது. வேலைய விட்டுப் போடான்னேன், அந்தக் கோபம்."

"ஏன் போகச் சொன்னீங்க?"

"சாம்பல் தோலுக்குத்தான் விலைன்னு கறுப்பு ஆட்டையெல்லாம் போன வருஷமே வித்துட்டேன். மந்தையில சாம்பல் மட்டுந்தான். அப்புறமும் கறுப்புக் குட்டி பிறக்குது. எவன் கிடாவையோ உள்ள விட்டிருக்கான்."

மவ்லுதா ஹம்ரோவிடம் திரும்பினாள். "கறுப்புக் குட்டி ஏதாச்சும் செத்துச்சாண்ணே?"

"இல்லம்மா."

"தாய் ஆடுங்க?"

"அதே புல்லுதான் தின்னுது. நல்லாத்தான் இருக்கு."

"இங்க யாராவது வந்து போனாங்களா?"

"யாரு வருவா?"

காவல்துறைக்கு வருமுன் அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். செத்த குட்டிகளின் வாயைத் திறந்தாள். மூன்றின் நாக்கும் வெளுத்திருந்தது. துள்ளித் திரிந்த ஒரு சாம்பல் குட்டியைப் பிடித்துப் பார்த்தாள். அதன் நாக்கு கறுப்பு.

"ஷோதியோர், குத்தவாளி நீங்கதான்."

"நானா?"

"குட்டிக்கு நிறம் ரெண்டு பங்கா வருது. தாய்கிட்ட ஒண்ணு, கிடாகிட்ட ஒண்ணு. உங்க ஆடு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சாம்பல், ஒரு கறுப்பு. சாம்பல் கறுப்பை மூடி வெச்சிருக்கு. ரெண்டு பக்கமும் கறுப்பே வந்தா குட்டி கறுப்பு. அதுக்கு வெளிக்கிடா எதுக்கு? ரெண்டு பக்கமும் சாம்பலே வந்தா நாக்கு வெளுத்துப் பிறக்கும். பால் குடிக்கிற வரைக்கும் ஓட்டிடும். புல்லை அது வயிறு தாங்காது. நாலுல ஒண்ணு இப்படிப் போகும். சாம்பலோட கறுப்பைச் சேத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

ஷோதியோர் செருப்பால் மணலைக் கிளறினார். "மனசுல வெச்சுக்காதீங்க ஹம்ரோ அண்ணே. வேலையிலயே இருங்க." காரில் போய் உட்கார்ந்தார்.

"இன்னும் ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் ஹம்ரோ.

"இல்லண்ணே, முடிஞ்சுது."

"எதையாச்சும் கேளுங்க."

மவ்லுதா காரைப் பார்த்தாள். பிறகு கூடாரத்துக்குள் வந்து விரிப்பில் உட்கார்ந்தாள்.

"நேத்து என்ன சமைச்சீங்கண்ணே?"

ஹம்ரோ அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நிதானமாகப் பதில் சொல்லத் தொடங்கினார்.