வடியாத தழும்பு

களிம்பைத் தடவி முடித்து கொஹினூர் கையை எடுத்த பிறகும் மர்ஜினாவின் முதுகில் அந்தக் கை இருந்தது. அடுப்படியில் கொஹினூர் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது, கடுகெண்ணெய் காயும் வாசம் வந்தது. ஆனால் இங்கே, தோள்பட்டைகளுக்கு நடுவே, வெதுவெதுப்பாக ஓர் உள்ளங்கை அழுத்திக்கொண்டே இருந்தது. மருந்தின் வேலையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ரங்பூர்ப் பக்கம் குளிர் வந்தால் முற்றத்தில் வைக்கோல் தீ மூட்டிக் காய்வார்கள். வருஷத்துக்கு நாலு சேலையாவது பற்றிக்கொள்ளும். போன மார்கழியில் மர்ஜினாவின் சேலை. தீயில் தடுமாறி விழுந்தவளை, ஓரகத்தி கொஹினூர்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாளாம். அவள் உள்ளங்கையும் வெந்துபோயிற்று. ஊரே மெச்சியது. மர்ஜினாவோ அவளைப் பெற்றவளுக்கும் மேலாக வைத்திருந்தாள்.

சேலை எரிந்த முதுகெல்லாம் தழும்பு புடைத்து, அரிப்பு உயிரை எடுத்தது. ஆஸ்பத்திரியில் புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மர்ஜினா பெயர் கொடுத்தாள். கொஹினூருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"எதுக்குடி இந்த வேண்டாத வேலை? தழும்பு தழும்பாவே இருந்துட்டுப் போகட்டுமே."

எட்டாவது வாரம், ஆஸ்பத்திரியில் தழும்பை அளவெடுக்கும் ரெஜாவுல் கண்ணாடித்தாளை அவள் முதுகில் ஒட்டி, புடைத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தான்.

"முக்கால்வாசி அமுங்கிடுச்சுக்கா! நடுவுல மட்டும் அடம்பிடிக்குது. யாரோ முத்திரை குத்தின மாதிரி."

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். விரித்த ஒரு கை. ஐந்து விரல்களும் கழுத்தைப் பார்த்து.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்த கை முதுகில் எப்படிப் பதியும்? இழுத்த கை அல்ல. தள்ளிய கை. அந்தக் கைக்கு மர்ஜினா ஒரு வருஷமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்தும் பனி விலகவில்லை. முற்றத்தில் தீ. தீக்கு அந்தப்பக்கம் கொஹினூர் இருக்க, மர்ஜினா விலகி இந்தப்பக்கம் உட்கார்ந்தாள். இங்கே அவள் கை எட்டாது.

"அக்கா, நீதானே தள்ளினே?"

கொஹினூர் வைக்கோலை அள்ளிப் போட்டாள். தீ எழுந்தது.

"மருந்து வேண்டாம்னு சொன்னேனே. கேட்டியா?"

"ஏன்கா? நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

மர்ஜினாவின் முதுகில் அதே வெதுவெதுப்பு. ஒரு விரல் அழுத்தியது. அடுத்த விரல். பின்னால் யாருமில்லை, பனிதான். மர்ஜினா குதிகாலை மண்ணில் ஊன்றினாள். வழுக்கியது.

"என்னடி, இப்படி முன்னாடி சாயறே?" என்றாள் கொஹினூர்.

அவளுடைய இரண்டு கைகளும் தீக்கு மேலே விரிந்து, குளிர் காய்ந்துகொண்டிருந்தன.