குரல் பொருந்தவில்லை

காலை ஒன்பது மணிக்கு முத்துக்கடை முன்சோதனை மையத்தின் கதவைத் திறக்கும்போதே வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருப்பார்கள். நிலோஃபர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கண்ணாடி அறைக்குள் இருக்கும் நாற்காலியில் உட்காரவைப்பாள். விளக்கை முகத்துக்கு நேரே திருப்புவாள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பாள். கேமராவின் மேல் படிந்த தூசியைத் துணியால் ஒற்றி எடுப்பாள்.

“ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்லுங்க. அவசரப்படாதீங்க.”

அன்று முதலில் வந்தது கல்யாணப் பதிவுக்கு ஒரு ஜோடி. மணப்பெண் ஐந்து வரை சொல்வதற்குள் சிரித்துவிட்டதால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து வந்த பெரியவர் பல்செட்டை மறந்துவிட்டு வந்திருந்தார். குரல் பொருத்தம் எழுபத்தொன்பது என்று திரை காட்டியது. மருமகள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். மாட்டிக்கொண்டு சொன்னதும் தொண்ணூற்று மூன்று.

ராணிப்பேட்டையில் யாரும் அரசு அலுவலகத்தின் படியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பத்திரப் பதிவு, நீதிமன்றம், மருத்துவ வாரியம் எல்லாமே திரை அமர்வுதான். அமர்வுக்கு முன்னால் முன்சோதனை. பதிவேட்டில் இருக்கும் குரலோடும் முகத்தோடும் வந்தவருடையதை ஒப்பிட்டு இரண்டு எண்கள் வரும். இரண்டும் தொண்ணூற்றைத் தொட்டால் திரையில் பச்சை விழுந்து அமர்வு திறக்கும். தொடாவிட்டால் ‘வரவில்லை’ என்று பதிவாகும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வரவில்லைதான். மூன்று முறை வராதவரின் மனு தானாகவே மூடிக்கொள்ளும்.

வீட்டுக் கணினியில் சோதித்துத் தோற்றவர்கள்தான் மையத்துக்கு வருவார்கள். நிலோஃபர் ஆறு வருடமாக இந்த வேலையில் இருந்தாள். நிலோஃபரிடம் போனால் பச்சை விழும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பத்தரை மணிக்கு யுவராஜ் வந்தார். வாசலில் இருந்து நாற்காலி வரை இருபதடி. நடுவில் இரண்டு முறை நின்றார். கூட அவர் மனைவி மோனிஷா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு.

“பதினொன்னு இருவதுக்கு மருத்துவ வாரியம் மேடம். வீட்ல ரெண்டு வாட்டி பாத்துட்டோம். ரெண்டு வாட்டியும் வரலைன்னு போட்டுட்டாங்க. இது மூணாவது.”

“என்ன மனு?”

“நுரையீரலு.”

யுவராஜ் பேட்டரி உடைக்கும் ஆலையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர், இப்போது விடுப்பில் இருந்தார். பழைய கார் பேட்டரிகளை அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. கறுப்புத் தூள் அவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் வளர்நுரையீரல் ஒன்றைப் பொருத்தினால் பிழைப்பார், இல்லாவிட்டால் ஒரு வருடம் என்று வேலூரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் ஆலையின் மருத்துவமனை வருடா வருடம் ‘நலம்’ என்றே சான்று அளித்து வந்திருந்தது. இரண்டு சான்றுகளும் முரண்பட்டால் வாரியம்தான் முடிவு செய்யும். திரை அமர்வில் நோயாளியைப் பேசவைத்து, அவர் மூச்சையும் இருமலையும் மைக் வழியாகவே அளந்து, யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்று சொல்லிவிடுவார்கள்.

“ஒன்னு, ரெண்டு…” யுவராஜ் ஆரம்பித்தார். நான்கில் மூச்சு தீர்ந்தது. தொண்டைக்குள் மணல் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

குரல் நாற்பத்தொன்று. முகம் ஐம்பத்தெட்டு.

நிலோஃபர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். மைக்கை அருகே இழுத்தாள். வெந்நீர் கொடுத்தாள். குழிந்த கன்னத்துக்குள் வாயின் இரு பக்கமும் பஞ்சு வைத்துப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டாள். அவர் வைத்துக்கொண்டார். முகம் அறுபத்து நான்கு ஆனது. குரல் முப்பத்தேழுக்கு இறங்கியது.

பதிவேட்டைத் திறந்தாள். ஆலையில் சேர்ந்த நாளில், இருபத்தாறு வயதில் எடுத்த குரல், முக மாதிரி அதில் இருந்தது. பருத்த கழுத்தும் முறுக்கிய மீசையுமாக ஒருவன் கேமராவை நேராகப் பார்த்து, “யுவராஜ், தகப்பனார் பெயர் கோபி, காரை கிராமம்” என்கிறான். கணீரென்ற குரல்.

“அந்த மாதிரிய மாத்தணும்ணா. இப்ப இருக்கற குரலப் பதிவு பண்ணினாதான் சரிப்படும்.”

“எழுதிப் போட்டோம்மா,” என்றார் யுவராஜ். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார். “அதுக்கும்… அமர்வுக்கு வரணும்னாங்க. அதுலயும் வரலைன்னு… போட்டுட்டாங்க.”

பதினொன்று பத்து.

மையத்தின் கணினியில் தெளிவாக்கி என்று ஒரு கருவி இருந்தது. வெளியே லாரி போகும் சத்தத்தை நீக்கவும், மங்கலான முகத்தைத் தெளிவாக்கவும் அரசே கொடுத்தது. சின்ன அளவில் எல்லோருக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. முழு அளவுக்கு ஏற்றினால், விட்டுப்போன இடங்களைப் பதிவேட்டு மாதிரியில் இருந்தே எடுத்து நிரப்பும். சோதித்த அமைப்பிலேயே அமர்வும் நடக்கும், நடுவில் மாற்றினால் அறுந்துவிடும். இதெல்லாம் நிலோஃபருக்குத் தெரியும். உள்ளே நுழைந்துவிட்டால் போதும், எதிரில் இருப்பவர்கள் டாக்டர்கள், பார்த்தால் புரியாதா என்று நினைத்தாள். ஒரு மனிதனை உள்ளே நுழையவிடுவதுதான் தன் வேலை என்றும் நினைத்தாள். தெளிவாக்கியை முழு அளவுக்கு ஏற்றினாள்.

“அண்ணா, இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் மூன்று வரைதான் சொன்னார். குரல் தொண்ணூற்றாறு. முகம் தொண்ணூற்றைந்து. பச்சை.

மோனிஷா அவள் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அமர்வு நடக்கும்போது சோதனையாளர் வெளியே உட்கார்ந்து ஒலியின் தரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். நிலோஃபர் ஒலிபெருக்கியை மெல்லத் திறந்துவைத்தாள். அதிலும் எதிரில் இருந்த திரையிலும் வந்தவை வாரியத்துக்குப் போய்ச் சேரும் ஒலியும் படமும்.

“வணக்கம் டாக்டர். என் பேரு யுவராஜ்.”

கணீரென்று வந்தது. மோனிஷா திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் திரையில் கன்னம் நிறைந்த ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“இது அவரு குரலு மேடம்,” என்றாள் மோனிஷா. “பொண்ணு பாக்க வந்தப்ப இப்டிதான் பேசினாரு. கேட்டு எத்தினி வருசம் ஆச்சு.”

நிலோஃபருக்கு அப்போதுதான் உறைத்தது, டாக்டர்கள் கேட்பதும் இந்தக் குரலைத்தான்.

“மூச்சு முட்டுதுன்னு எழுதியிருக்கீங்க,” என்றார் வாரியத்தின் டாக்டரம்மா. “படி ஏறினா எப்படி இருக்கு?”

“ஏற முடியல டாக்டர். நாலு அடி வெச்சா நின்னுடறேன். படுத்துத் தூங்கி எட்டு மாசம் ஆவுது, உக்காந்துகினேதான் தூங்கறேன்.”

ஒரே மூச்சில் சொன்னதுபோல் கேட்டது. கண்ணாடிக்குள் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. தெளிவாக்கி இடைவெளிகளை ஒட்டிச் சேர்த்திருந்தது.

யுவராஜ் குனிந்து இருமினார். கண்ணாடி அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. இருமலை இரைச்சல் என்று அது எடுத்துவிட்டது. திரையில் அவர் ஏதோ யோசிப்பதுபோல அரை நிமிடம் அமைதியாக இருந்தார். வாயைத் துடைத்த கைக்குட்டையில் சிவப்பாக இருந்தது. அதை அவர் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திரையில் வெள்ளையாக ஏதோ மங்கித் தெரிந்து மறைந்தது.

“நீங்க நல்லாத்தானே பேசறீங்க, யுவராஜ்?” டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. அவர் உண்மையிலேயே குழம்பியிருந்தார். “இங்க மூச்சுக் கணக்கு தொண்ணூத்தி நாலு காட்டுது. என் மூச்சே அவ்வளவு வராது.”

நிலோஃபர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“டாக்டர், நான் இங்க டெஸ்டர். நீங்க கேக்கறது அவரு குரலே இல்ல. மெஷின் பேசுது. அவரு ரத்தமா இருமறாரு டாக்டர்!”

டாக்டரம்மா எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. பதிவில்லாத குரலையும் தெளிவாக்கி இரைச்சலில்தான் சேர்க்கும்.

ஒரே வழிதான் இருந்தது, தெளிவாக்கியை அணைப்பது. அணைத்தால் பொருத்தம் இறங்கி அமர்வு அறுந்துவிடும். அணைக்காவிட்டால் இவர் நலமாக இருப்பதாக எழுதிவிடுவார்கள். நிலோஃபர் யுவராஜைப் பார்த்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, சரி என்று தலையை ஆட்டினார். அவள் ஓடி வந்து தெளிவாக்கியை அணைத்தாள்.

இரண்டு நொடி. ஒட்டிய கன்னமும் நீலம் பாரித்த உதடுமாக யுவராஜ் திரையில் வந்தார். மணல் உரசும் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். “யார் இது?” என்றார்.

திரை இருண்டது.

நான்காம் நாள் தீர்ப்பு வந்தது. மோனிஷா அதை மையத்துக்கு எடுத்து வந்து நிலோஃபரையே படிக்கச் சொன்னாள். மனுதாரர் யுவராஜின் நுரையீரல் நல்ல நிலையில் உள்ளது. அவர் முழு உடல்தகுதி உடையவர். அமர்வின் இறுதியில், அடையாளம் தெரியாத நோயாளி ஒருவரை மனுதாரரின் இடத்தில் உட்காரவைத்து ஏமாற்றும் முயற்சி நடந்துள்ளது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு மறுமனு ஏற்கப்படாது.

“அடையாளம் தெரியாத நோயாளின்னா யாரு மேடம்?” என்று கேட்டாள் மோனிஷா.

அன்றே நிலோஃபர் வாக்குமூலம் கொடுக்க மனு போட்டாள். அவளுக்கு முன்சோதனையில் ஒரு சிக்கலும் இல்லை. குரல் தொண்ணூற்றொன்பது, முகம் தொண்ணூற்றொன்பது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிரில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, தெளிவாக்கி ஒலியின் தரத்தை மட்டுமே உயர்த்தும், ஆளை மாற்றாது என்று அரசு ஆய்வுக்கூடம் சான்றளித்திருப்பதை வாசித்துக் காட்டினார்.

“நீங்க சொல்றபடி பாத்தா இதுவரைக்கும் நடந்த எல்லா அமர்வையும் திரும்ப நடத்தணும்மா. லட்சக்கணக்குல இருக்கு. அது நடக்கற காரியமா?”

ஆள்மாறாட்டத்துக்கு உடந்தை என்று அவளுடைய உரிமத்தை ரத்து செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து நிலோஃபர் காரைக்குப் போனாள். என்ன சொல்வது என்று பேருந்து முழுக்க யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. மோனிஷா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் யாரும் இல்லை.

“அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரா?”

“வேலைக்குப் போயிருக்காரு.”

“இந்த ஒடம்ப வெச்சுக்கினா?”

“வாரியத்துல நல்லா கீறாருன்னு எழுதிட்டாங்க இல்ல? அந்தக் காயிதம் ஆலைக்கும் போயிருக்கு. உடம்பு நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு லீவுன்னு கேட்டாங்க. வரலைன்னா கம்பெனி வீட்டக் காலி பண்ணுன்னாங்க. பொண்ணு பன்னெண்டாவது படிக்குது, இப்ப எங்க இட்டுகினு போறது?” ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். “காலைல நான்தான் கைத்தாங்கலா கூட்டினு போய் வுட்டுட்டு வரேன்.”

“கேட்ல சோதனை இருக்குமே? அதுல அவரு பொருந்த மாட்டாரே?” நிலோஃபரின் குரலில் அவளுக்கே தெரியாமல் ஒரு நம்பிக்கை ஏறியிருந்தது. “பொருந்தலைன்னா உள்ள விடமாட்டாங்க இல்ல?”

“உள்ள போறதுக்கு ஒன்னும் கெடயாது மேடம். யாரு மூஞ்சியும் பாக்கறதில்ல. எத்தினி தல போச்சுன்னு எண்ணிக்குவாங்க, அவ்ளோதான்.”

மோனிஷா வாளியில் இருந்த கடைசித் துணியையும் பிழிந்து போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அவரும் அதேதான் சொல்றாரு. உங்க மேல அவருக்கு ஒரு கோவமும் இல்ல.” காலி வாளியைக் கவிழ்த்துவைத்தாள். “எனக்கு இருக்குது. அவரு வர்றதுக்குள்ள கெளம்புங்க மேடம். உங்களப் பாத்தா வாங்கன்னு சொல்லுவாரு. உக்காந்து பேசுவாரு. அதுக்கு அவருகிட்ட மூச்சு இல்ல.”